போனஸ் கைக்கு வந்ததும் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சிங்கப்பூர் ஈசூனில் அம்மாவுடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். தளவாட நிறுவனம் ஒன்றில் வேலை. மாதம் 4,200 வெள்ளி சம்பளம், டிசம்பரில் பதின்மூன்றாவது மாதச் சம்பளமும் உண்டு. இரண்டு ஆண்டுகளாக யூடியூபில் வேலரண்ட் என்ற கணினி விளையாட்டை ஆடியபடி தமிழில் பேசி லைவ் போடுகிறேன். வாரம் மூன்று இரவு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. 3,800 சப்ஸ்கிரைபர்கள், ஒரே நேரத்தில் சராசரியாக 35 பேர் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். சென்ற மாதம் 310 வெள்ளி வந்தது: சூப்பர் சாட் (பார்வையாளர் லைவில் பணம் கட்டி அனுப்பும் செய்தி) 190, மெம்பர்ஷிப் (மாதச் சந்தா) 85, விளம்பரம் 35. பகுதி நேரத்திலேயே இவ்வளவு என்றால் முழு நேரமாக இறங்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சேமிப்பு 28,000 வெள்ளி, அதில் 15,000 அடுத்த ஆண்டுக் கல்யாணத்துக்கு. மாதச் செலவு 2,600. பிடிஓ வீட்டுக்கும், அதாவது வீவக புதிதாகக் கட்டித் தரும் வீட்டுக்கும், விண்ணப்பிக்க வேண்டும். லைவில் படம் அடிக்கடி சிக்குகிறது. 3,000 வெள்ளிக்குப் புதுக் கணினி வாங்கவா? பந்தயச் செயலி ஒன்று தன்னை விளம்பரப்படுத்த மாதம் 500 வெள்ளி தருவதாகச் சொல்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? போனஸ் வந்ததும் ராஜினாமா கொடுத்துவிடலாமா? அம்மா கூடவே கூடாது என்கிறார்.

பதில்:

இந்தப் போனஸோடு வேண்டாம். அம்மா சொல்வதற்காக அல்ல. உங்கள் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது.

வாரம் ஒன்பது மணி நேரத்துக்கு 310 வெள்ளி என்றால் நாற்பத்தைந்து மணி நேரத்துக்கு 1,550 என்று மனத்துக்குள் பெருக்கியிருப்பீர்கள். இந்தத் தொழிலில் அப்படிப் பெருக்க முடியாது. நேரத்தோடு கூடுவது விளம்பர வருமானம் மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. மெம்பர்ஷிப் மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது. நீங்கள் மூன்று நாள் வந்தாலும் ஏழு நாள் வந்தாலும் கட்டணம் அதேதான். சூப்பர் சாட் அனுப்புகிறவரின் பையும் நீங்கள் கூடுதல் நாள் வருவதால் கனத்துவிடாது. மூன்று இரவில் அனுப்பியதையே ஆறு இரவாகப் பிரித்து அனுப்புவார். பார்க்கிற ஆள் கூடினால்தான் பணம் கூடும்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் சென்ற மூன்று மாத சூப்பர் சாட் பட்டியலைத் திறந்து, அதிகம் அனுப்பிய மூன்று பேரை நீக்கிவிட்டு மீதியைக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் வருமானம். அந்த மூவரில் ஒருவருக்கு வேலை போனாலோ, கல்யாணம் ஆனாலோ உங்கள் மாதமும் ஆட்டம் காணும். 35 பேர் பார்க்கும் சேனலில் சூப்பர் சாட் பணத்தில் பாதி இரண்டு மூன்று பேரிடமிருந்து வருவது சாதாரணம்.

அப்படியானால் வேலையை விடுவதால் என்னதான் கிடைக்கும்? கூடுதல் மணி நேரத்தைவிட முக்கியமாக, சரியான மணி நேரம் கிடைக்கும். தமிழ்நாட்டு நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நீங்கள் ஒன்பது மணிக்குத் தொடங்கும்போது அங்கே மாலை ஆறரை; வேலைக்குப் போனவர் பேருந்தில் இருப்பார், மாணவர் டியூஷனில் இருப்பார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியோடு சாயும் எட்டு மணி முதல் பதினொன்று வரை நமக்கு இரவு 10:30 முதல் 1:30. காலை வேலைக்குப் போகிறவரால் தொடர்ந்து அந்த நேரத்துக்கு வர முடியாது. வேலையை விட்டால் அந்தக் கட்டு அவிழும். ஆனால் அந்த நேரத்துக்கு உண்மையிலேயே கூட்டம் வருமா என்பதை வேலையில் இருந்துகொண்டே சோதிக்கலாம். மறுநாள் விடுமுறையாக இருக்கும் வெள்ளி, சனி இரவுகள் அதற்கு இருக்கின்றன.

எட்டு வாரம், வெள்ளியும் சனியும் 10:30 முதல் 1:30 வரை லைவ் போடுங்கள். மூன்றாவது இரவு வார நாளில், பழைய நேரத்திலேயே இருக்கட்டும். ஒப்பிட அது வேண்டும். தலைப்பு பாணியையும் விளையாட்டையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எதனால் எண் மாறியது என்று தெரியாது. வார இறுதி என்பதாலேயே கொஞ்சம் கூட்டம் கூடும், அதனால் சென்ற மாதங்களின் பழைய வெள்ளி, சனி எண்களோடும் ஒப்பிடுங்கள். உச்ச எண்ணைப் பார்க்க வேண்டாம், ஒரே நேரப் பார்வையாளரின் சராசரியை மட்டும் குறித்து வாருங்கள். 35 என்பது எழுபதைத் தொட்டால் வேலையை விடுவதில் ஏதோ பொருள் இருக்கிறது. நாற்பது, நாற்பத்தைந்தில் நின்றால் பிரச்சினை நேரத்தில் இல்லை. ராஜினாமா அதைத் தீர்க்காது.

முடிந்தால் இரண்டு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் போட்டுப் பாருங்கள். கோடைக்காலத்தில் அது கனடாத் தமிழர் இருக்கும் டொராண்டோவில் வெள்ளி இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் நாணயம். மெம்பர்ஷிப்பை இந்தியாவில் 159 ரூபாய் என்று வைத்தால், யூடியூப் தன் 30 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு தருவது 111 ரூபாய். நம் காசுக்கு இரண்டு வெள்ளிகூடத் தேறாது. மெம்பர்ஷிப்பில் மட்டும் மாதம் 1,500 வெள்ளி பார்க்க வேண்டுமானால் குறைந்தது தொள்ளாயிரம் பேர் மாதாமாதம் கட்ட வேண்டும். விளம்பரத்திலும் இதே கதைதான். உங்களுக்குப் பங்கு 55 விழுக்காடு என்றாலும், இந்தியப் பார்வைக்கு விளம்பரதாரர் தரும் விலையே குறைவு. ரூபாயில் சம்பாதித்து வெள்ளியில் செலவழிப்பதுதான் இங்கிருந்து தமிழில் லைவ் போடும் எல்லாருக்கும் உள்ள சிக்கல். சென்னையில் இருப்பவருக்கு முழு நேர வருமானமாக இருப்பது ஈசூனில் மின்கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். கனடா, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் உங்கள் பார்வையாளரில் கால் பங்காவது இருந்தால்தான் கணக்கு உதைக்காமல் இருக்கும்.

இனி நீங்கள் கைவிடப்போவது எவ்வளவு என்று பார்ப்போம். 4,200 என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று மாதச் சம்பளம் 54,600. அதன்மேல் முதலாளி போடும் 17 விழுக்காடு மத்திய சேம நிதி (மசேநி) 9,282. மொத்தம் 63,882; பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 5,300 வெள்ளி. நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி இதில் சேரவில்லை. உங்கள் 20 விழுக்காட்டையும் சேர்த்தால் மசேநிக்குள் மாதம் 1,554 வெள்ளி போகிறது, அதில் 966 சாதாரணக் கணக்குக்கு. நாளை வீட்டுக் கடனைக் கட்டப்போவது அந்தக் கணக்குதான். சுயதொழிலில் அந்த வரவு நின்றுவிடும். தவணையை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கு மட்டும் உங்களை விடாது: நிகரத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம், 18,000-ஐத் தாண்டினால் 35 வயதுக்கு உட்பட்டவருக்கு 8 விழுக்காடு.

சேமிப்பு 28,000 என்பது பதினொரு மாதம் தாங்கும்போல் தெரிகிறது. கல்யாணப் பணத்தை எடுத்து வைத்துவிட்டால் 13,000; சரியாக ஐந்து மாதம். புதுக் கணினியும் வாங்கிவிட்டால் நான்கு மாதம்கூட இல்லை.

கல்யாணத்தைவிட எனக்கு வீடுதான் கவலை தருகிறது. பிடிஓவுக்கு முன் வீவகவிடம் எச்எஃப்இ எனும் வீடு வாங்கும் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். மானியமும் கடனும் அதில்தான் முடிவாகும். ‘மேம்படுத்தப்பட்ட மத்திய சேம நிதி வீடமைப்பு மானியம்’, தம்பதிக்கு 120,000 வெள்ளி வரை கிடைக்கக்கூடியது, விண்ணப்பத்துக்கு முன் உங்களில் ஒருவராவது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. சுயதொழிலும் வேலைதான். ஆனால் சுயதொழிலுக்கு அத்தாட்சி வரி மதிப்பீட்டு அறிக்கை. ஜனவரியில் தொடங்கும் தொழிலின் முதல் முழு ஆண்டு அறிக்கை அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகே கையில் வரும். அதுவரை உங்கள் வருமானத்துக்குத் தாள் இல்லை. வங்கிக் கடன் என்றால், நிலையில்லா வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். 3,000 சம்பாதித்தாலும் 2,100 என்றுதான் எழுதுவார்கள். வருங்கால மனைவியின் சம்பளம் ஒன்றை வைத்தே கடன் கிடைக்குமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இந்த முடிவில் அவருக்கும் பாதி உண்டு. வீட்டு விவகாரம் முடியும்வரை வேலையில் இருப்பதே என் ஆலோசனை. வேலையை விடும் திட்டத்தை வீவகவிடம் மறைத்துக் கடன் வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தவணை கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கேட்பதே இல்லை. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்த முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் உள்ளது. சோதனைக் காலம் முடிந்த ஊழியர் எழுத்து வடிவில் கோரிக்கை கொடுத்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஆனால் “எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது” என்று தள்ளிவிடவும் முடியாது. நான்கு நாள் வேலை கேட்டால் சம்பளம் 3,360 ஆகக் குறையும். நீங்கள் நாளைக் குறைக்கக் கேட்க வேண்டாம், நேரத்தை நகர்த்தக் கேளுங்கள்: வாரம் இரண்டு நாள் காலை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து மாலை இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவது. சம்பளத்தில் ஒரு காசு குறையாது, வார நாளில் இரண்டு இரவு 1:30 வரை உட்கார முடியும். கோரிக்கையில் எந்தெந்த நாள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வேலை பாதிக்காமல் யார் எதைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய விதியைப் படியுங்கள். அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்தால் அந்த 310 வெள்ளிக்கே நீங்கள் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

கணினிக்கு வருவோம். கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போவதற்கு முன், லைவை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் புள்ளிவிவரப் பலகையைத் திறந்து, ஒரு முழு லைவ் முடியும்வரை ஓரமாக வைத்திருங்கள். படம் சிக்குவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு, பலகை மூன்றையும் தனித்தனியாக எண்ணிக் காட்டும்.

நெட்வொர்க்கில் விழுந்த ஃபிரேம் கூடினால் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் வீடுகளில் ஃபைபர் முனை பெரும்பாலும் வரவேற்பறையில் இருக்கும். நீங்கள் படுக்கையறையில் கான்கிரீட் சுவருக்கு அப்பால் வைஃபையில் இருப்பீர்கள். இணையத் திட்டம் 1 ஜிகாபிட் என்றாலும், அண்டை வீடுகளின் வைஃபை எல்லாம் மோதும் இடத்தில் நொடிக்கணக்கில் இணைப்பு தள்ளாடும். தட்டையான கேட் 6 இணையக் கேபிள் 15 அல்லது 20 மீட்டர், கதவிடுக்கு வழியாக இழுத்தால் தீர்ந்தது. என்கோடிங் (படத்தைச் சுருக்கும் வேலை) தாமதம் என்று காட்டினால் பிராசசர் திணறுகிறது. அமைப்பில் பிராசசரை நம்பும் எக்ஸ்264 இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடருக்கு, என்விடியா என்றால் என்வென்க்குக்கு, மாற்றுங்கள். மூன்றாவது ரெண்டரிங் தாமதம்: விளையாட்டே கிராஃபிக்ஸ் கார்டை முழுக்க விழுங்குகிறது, ஓபிஎஸ்ஸுக்கு மிச்சமில்லை. வேலரண்டில் ஃபிரேம் வரம்பை உங்கள் திரையின் ஹெர்ட்ஸ் வேகத்துக்கு, 144 என்றால் 144-க்கு, பூட்டுங்கள். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்டிரேட்டராக இயக்குங்கள். பார்ப்பவர்கள் கைப்பேசிக்காரர்கள். 720பி, 60 ஃபிரேம், 4,500 முதல் 6,000 கேபிபிஎஸ், கீஃபிரேம் இரண்டு நொடி; அவர்களுக்கு இது தாராளம். இவ்வளவும் செய்தபின்னும் சிக்கினால் அப்போது கணினியைப் பற்றிப் பேசலாம்.

இப்போதைக்குக் காசு போடுவதென்றால் மைக்கில் போடுங்கள். இரவு ஒரு மணிக்கு அடுத்த அறையில் அம்மா தூங்குகிறார், சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர். டைனமிக் மைக்கை மேசையில் பொருத்தும் தாங்கியில் மாட்டி வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்தால் மெல்லப் பேசினாலும் குரல் நிறைவாக வரும். ஏர்கான் சத்தமும் கீபோர்டு சத்தமும் அவ்வளவாக ஏறாது. ஓபிஎஸ்ஸில் குரல் மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் ஆடினால் போதும்.

காசில்லாத கருவி ஒன்றும் அதே மென்பொருளில் இருக்கிறது: ரீப்ளே பஃபர். 40 நொடி என்று வைத்து ஒரு விசையோடு இணையுங்கள். நல்ல தருணம் முடிந்ததும் அழுத்தினால் கடந்த 40 நொடி தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். மூன்று மணி நேர லைவைப் பிறகு ஓட்டிப் பார்த்து வெட்டும் வேலை மிச்சம். ஒவ்வொரு லைவுக்கும் மூன்று ஷார்ட்ஸ். புது ஆள் லைவைத் தேடி வருவது அபூர்வம்; ஷார்ட்ஸில் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வருவார். முழு நேர ஸ்ட்ரீமரின் வாரத்தில் பாதி இந்த வெட்டும் வேலைதான். அது பிடிக்காதவர்களுக்கு இந்தத் தொழில் சீக்கிரம் கசந்துவிடும். பின்னணியில் சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். உரிமையாளர் கோரினால் அந்தக் காணொளியின் வருமானம் அவருக்குப் போகும், சில நேரம் லைவே நின்றுவிடும்.

பந்தயச் செயலிக்கு இன்றே மறுப்பு எழுதுங்கள். 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இங்கே உரிமம் இல்லாத சூதாட்டச் சேவையை விளம்பரப்படுத்துவது குற்றம். பார்வையாளர் இந்தியாவில் இருக்கிறார் என்பதும் காப்பாற்றாது. 2025 ஆகஸ்ட்டில் இந்தியாவும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடைசெய்துவிட்டது. சின்னச் சேனல்களை இந்தச் செயலிகள் தேடி வருவதே பெரிய சேனல்கள் மறுத்துவிடுவதால்தான்.

ஒரே விளையாட்டை நம்பியிருப்பதும் ஆபத்துதான். 2022 பிப்ரவரியில் இந்தியா ஃப்ரீ ஃபயர் விளையாட்டைத் தடைசெய்தது, அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ விளையாட்டு செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்த இரண்டை மட்டும் ஆடியவர்களுக்கு ஒரே இரவில் ஆட விளையாட்டே இல்லாமல் போனது. வாரத்தில் ஓர் இரவு வேறு விளையாட்டு ஆடுங்கள். எத்தனை பேர் உங்களுக்காக வருகிறார்கள், எத்தனை பேர் வேலரண்டுக்காக வருகிறார்கள் என்பது அன்று தெரிந்துவிடும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது வரும் 310 வெள்ளியும் தொழில் வருமானம்தான், ஏப்ரல் 18-க்குள் தாக்கல் செய்யும்போது காட்ட வேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். யூடியூப் பணம் வரும் ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் தொகையில் 24 விழுக்காடு வரை பிடித்துவிடுவார்கள். நிரப்பியிருந்தால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வரும் பங்கில் மட்டும் 30 விழுக்காடு போகும். நமக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லாததால் அதைக் குறைக்க வழியில்லை. சேனல் பெயரில் விளம்பரதாரருக்கு பில் அனுப்பத் தொடங்கினால் ஆக்ரா (ACRA) எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், ஓராண்டுக்கு 115 வெள்ளி.

சரி, எப்போதுதான் விடலாம்? என் கணக்கில் நான்கும் ஒருசேர வேண்டும்: அந்த மூன்று பெரிய கைகளை நீக்கியபின்னும் தொடர்ந்து மூன்று மாதம் 1,500 வெள்ளிக்குக் குறையாத வருமானம், சராசரி 150 பேர், பந்தயம் சாராத ஒரு விளம்பரதாரராவது இரண்டாவது முறையும் பணம் கொடுத்துத் திரும்பி வந்திருப்பது, கல்யாணம், வீடு போகப் பன்னிரண்டு மாதச் செலவு, அதாவது 31,200 வெள்ளி, கையில். இதற்கு ஒன்றரை ஆண்டு பிடிக்கலாம், இரண்டும் ஆகலாம்.

அந்த நாள் வந்தால், ராஜினாமாவுக்கு முன் தனிப்பட்ட ஷீல்டு மருத்துவக் காப்புறுதியை எடுத்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போது வராத நோய் ஒன்று விட்டபின் வந்து, அதன் பிறகு விண்ணப்பித்தால் அதை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். தானாக வேலையை விடுகிறவருக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் தொகை கிடையாது, அது வேலை இழந்தவர்களுக்கானது. பதின்மூன்றாவது மாதச் சம்பளத்துக்கு, கொடுக்கும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும் என்றோ, ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது என்றோ ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அதைப் படித்துப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள்.